அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுப்பது பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அரசுக் கலைக் கல்லூரி. அங்கே படித்து வெளியே வந்த நாங்கள் முப்பது சொச்சம் பேர், பதினான்கு வருடமாக அதே கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பணம் திரட்டிக் கொடுத்துவருகிறோம். ஜூன் பிறந்தால் போன் வரத் தொடங்கும். பேசுகிறவர் மாறுவார், கேள்வி மாறாது. ஒரே பதிலை நூறு தடவை சொல்லித் தொண்டை கட்டியதால் எழுதிவைத்துவிட்டேன். எல்லாம் எங்கள் கல்லூரியில் பார்த்தது. வேறு ஊரில் கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கும்.

அரசுக் கல்லூரியில் ஃபீஸே கிடையாது என்கிறார்களே, பிறகு எதற்கு நன்கொடை?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்விதான். இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வருடத் தொடக்கத்தில் இதர கட்டணங்களைக் கட்டிவிட்டால் சேர்க்கை முடிந்தது. அந்தத் தொகையை எப்படியாவது புரட்டிவிடுவார்கள். தோட்டை அடகு வைப்பார்கள், மாமன் கொடுப்பார். பிள்ளை காலேஜ் சேருகிறது என்றால் ஊரே கொஞ்சம் இளகும்.

இடறுவது அதற்குப் பிறகு வருகிற சில்லறைச் செலவுகளில். செமஸ்டர் தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, லேப் கோட்டு, கடைசி வருடத்தில் புரஜெக்ட் டைப்பிங்கும் பைண்டிங்கும். பஸ் பாஸ் இலவசம்தான். ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பாஸ் செல்லுகிற அரசுப் பேருந்து காலை ஏழு மணிக்கு ஒன்று, அதை விட்டால் பத்தரைக்கு. முதல் வகுப்பு ஒன்பதரைக்கு. வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிற பெண் எட்டரைக்கு வரும் தனியார் பஸ்ஸில்தான் ஏறுவாள். அங்கே பாஸ் செல்லாது, காசு கொடுத்தாக வேண்டும். இதற்கெல்லாம் மேலே இன்னொன்று இருக்கிறது. அந்தப் பிள்ளை ஜவுளிக்கடைக்கோ டைல்ஸ் வேலைக்கோ போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் சம்பளம். மூன்று வருடப் படிப்பின் பெரிய செலவு அதுதான். அதற்கு யாரும் ரசீது போடுவதில்லை.

எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன். ஒரு நவம்பர் மாதம் கூப்பிட்டார். “பிசிக்ஸ் மூணாம் வருஷத்துல ஒரு பொண்ணு, எப்பவும் முதல் ஆளா வந்து நோட்ஸ் எடுக்கும். பதினஞ்சு நாளா கடைப்பக்கமே காணோம் சார். கூட வர்ற பொண்ணுகிட்ட கேட்டா, எக்ஸாம் ஃபீஸ் கட்டலையாம்.” போய் விசாரித்தோம். வகுப்பில் முதல் மதிப்பெண் அந்தப் பெண்தான். பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் கையிருப்பு கரைந்துவிட்டது. கட்ட வேண்டியிருந்தது அபராதத்தோடு சேர்த்து இரண்டாயிரத்துக்கும் கீழே. யாரிடமும் கேட்கவில்லை. “அடுத்த செமஸ்டர்ல சேர்த்து எழுதிக்கலாம்னு இருந்தேன் சார்” என்றாள். அந்த அடுத்த செமஸ்டருக்குள் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்திருப்பார்கள் என்பது எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து ஜெராக்ஸ் கடைக்காரர், ஹாஸ்டல் சமையல்காரம்மா, நூலக உதவியாளர் ஆகிய மூவரும் எங்கள் குழுவில் உறுப்பினர்கள். விண்ணப்பப் படிவத்தைவிட அவர்கள் சொல்லும் பெயர்கள்தான் அதிகம் சரியாக இருந்திருக்கின்றன.

அரசாங்கமே மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறதே?

கொடுக்கிறது, பெரிய உதவிதான். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்காக வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களை மனதில் வைத்து வந்தவை. பிறகு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை தனியாக உண்டு. பொறியியல் போகிறவர்களுக்கு முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையும், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடும் இருக்கின்றன. இந்த இடஒதுக்கீட்டில் சேர்கிறவருக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

இதில் விழுகிற ஓட்டைகள் இரண்டு. முதலாவது, எட்டாம் வகுப்புவரை கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் படிக்கவைத்து, அப்பா இறந்தபின் அரசுப் பள்ளிக்கு மாற்றிய குடும்பம். ஏழ்மை நிஜம், ஆனால் பட்டியலில் பெயர் வராது. இரண்டாவது, வர வேண்டிய பணம் வங்கிக் கணக்கில் நிற்காமல் திரும்பிப் போவது. ஆதார் எண் அந்தக் கணக்கோடு இணைக்கப்படாமல் இருக்கும், அல்லது அண்ணன் எப்போதோ ஜீரோ பேலன்ஸில் தொடங்கிவைத்த இன்னொரு கணக்கோடு இணைந்திருக்கும்.

அதனால் எங்கள் ஒழுங்கு இது: முதலில் அரசுப் பணம் முழுவதும் வந்துசேர வழி செய்வோம். அதிலும் அடைபடாத இடத்துக்கு மட்டும் நன்கொடையாளர் பணம். எங்கள் வேலையில் பாதி இ-சேவை மையத்து வரிசையில்தான் கழிகிறது. நன்கொடையாளர்களுக்கு இது சப்பென்று இருக்கும். எங்களுக்கும்தான்.

இப்படிச் சின்னத் தொகை கொடுப்பதால் பட்டம் வாங்குகிறவர்கள் கூடுகிறார்களா, அல்லது மனத்திருப்திக்குக் கொடுக்கிறோமா?

எங்கள் கல்லூரியை மட்டும் வைத்துச் சொன்னால் பெருமை பேசுகிறோம் என்பீர்கள். அளந்து பார்த்த இரண்டு இடங்களைச் சொல்கிறேன், இரண்டும் அமெரிக்காவில்.

அட்லாண்டாவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம். கட்டணத்தில் சில நூறு டாலர் பாக்கி இருந்ததற்காகவே ஒவ்வொரு செமஸ்டரிலும் பெரும் எண்ணிக்கையில் மாணவர்களின் பெயரை நீக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் பலர் பட்டத்துக்கு ஓரிரு பருவங்களே மிச்சமிருந்தவர்கள். 2011-இல் ஒரு சிறு மானியம் தொடங்கினார்கள். மாணவர் விண்ணப்பிக்க வேண்டாம். பல்கலைக்கழகமே தன் கணக்கைப் பார்த்து, நன்றாகப் படித்தும் பாக்கி வைத்திருப்பவரைக் கண்டுபிடித்து, அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். சராசரித் தொகை ஆயிரம் டாலரைத் தொடாது. கடைசி வருடத்தில் இதைப் பெற்றவர்களில் பெரும்பாலானவர்கள் பட்டம் பெற்றே வெளியேறினார்கள். நம் ஜெராக்ஸ் கடை அண்ணன் செய்ததை அங்கே கம்ப்யூட்டர் செய்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் 2007-இல் தொடங்கிய ஏசாப் திட்டம். ஆரம்பித்தது நகர நிர்வாகத்தின் முயற்சி, தனியார் நன்கொடை அல்ல. ஆனால் நன்கொடை கொடுப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கே இருக்கிறது. கட்டணத்தில் விடுபட்ட பகுதி, பாடப்புத்தகம், சுரங்க ரயிலுக்கான மாதாந்திர அட்டை, ஒவ்வொருவரையும் அடிக்கடி பார்த்துப் பேச ஓர் ஆலோசகர். ஆலோசகரைப் பார்த்தால்தான் அட்டை கிடைக்கும்! குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். மூன்று வருடத்தில் படிப்பை முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம், இல்லாதவர்களில் 22 சதவீதம்.

பஸ் காசும் பேச்சுத்துணையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. நாங்கள் ஆலோசகர் வைக்கும் அளவுக்கு வளரவில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்களில் ஒருவர் மாதம் ஒருமுறை போன் செய்கிறார். “சாப்பிட்டியாப்பா” என்று தொடங்கினால் போதும், மற்றது தானாக வரும்.

என்னிடம் ஒரு லட்சம் இருக்கிறது. பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாமா, ஒருவருக்கே கொடுக்கலாமா?

மூன்று பேருக்கு, மூன்று வருடம்.

முதல் இரண்டு வருடம் நாங்கள் நாற்பது பேருக்கு ஆளுக்கு 2,500 கொடுத்தோம். குரூப் போட்டோ பிரமாதமாக வந்தது. மறு வருடம் விசாரித்தால் பாதிப் பேருக்கு அந்தப் பணம் எதற்குச் செலவானது என்றே நினைவில்லை. இப்போது பெயர் குறைவு, ஆனால் சேர்த்துக்கொண்ட பிள்ளையைப் பட்டம் வாங்கும்வரை விடுவதில்லை. “அடுத்த வருஷமும் வரும்” என்று தெரிந்தால் வீட்டில் பேச்சே மாறிவிடுகிறது. அப்பா வேலைக்கு அனுப்பும் பேச்சை எடுக்கமாட்டார். ஒரு வருடம் கொடுத்துவிட்டு மறு வருடம் கை விரிப்பதைவிட, கொடுக்காமலே இருப்பது நல்லது என்று எங்கள் பொருளாளர் சொல்வார். அவர் கொஞ்சம் கறார் ஆள். ஆனால் இதில் அவர் சொல்வது சரி.

எந்த மாதத்தில் கொடுப்பது நல்லது?

ஜூன், ஜூலையில் சேர்க்கை. அக்டோபர், நவம்பரில் தேர்வுக் கட்டணம். மார்ச், ஏப்ரலில் மறுபடி தேர்வுக் கட்டணம், கூடவே புரஜெக்ட். இந்த மூன்று தவணைக்கு முன்னால் பணம் எங்கள் கையில் இருக்க வேண்டும். வரி கட்டும் கணக்குக்காகப் பலரும் மார்ச் கடைசி வாரத்தில் அனுப்புகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், வைத்திருந்து ஜூனில் கொடுப்போம்.

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் தவறு ஒன்றையே சொல்கிறேன். ஒரு பையனுக்கு 15,000 ரூபாய் என்று ஆகஸ்டில் முடிவு செய்தோம். ஒரு கையெழுத்து, ஒரு சான்றிதழ், கமிட்டிக் கூட்டம் தள்ளிப்போனது என்று இழுத்து மார்ச்சில் கொடுத்தோம். அதற்குள் அவன் அப்பா அதே பதினைந்தாயிரத்தை ஐந்து வட்டிக்கு வாங்கிவிட்டார். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். ஏழு மாதத்தில் வட்டி மட்டும் 5,250. எங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்காரர் படிப்புக்குப் போனது. அந்தப் பையன் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனான். எங்களுக்குத்தான் தலை நிமிரவில்லை. இப்போது கமிட்டி கூடாமலேயே ஐந்தாயிரம் வரை இருவர் கையெழுத்தில் அன்றைக்கே கொடுக்கலாம் என்று விதியை மாற்றியிருக்கிறோம்.

நல்ல மார்க் எடுப்பவருக்குத்தானே கொடுக்க வேண்டும்? அரியர் வைத்தால் நிறுத்திவிடுவீர்களா?

நிறுத்தமாட்டோம். இதில் நன்கொடையாளர்களோடு வருடா வருடம் சண்டை.

கும்பகோணம் அரசுக் கல்லூரிக் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 1904-இல் உதவித்தொகையோடு அங்கே சேர்ந்தார் ராமானுஜன். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்கவில்லை, தேறவில்லை. விதிப்படி உதவித்தொகை போனது. வீட்டை விட்டு விசாகப்பட்டினம்வரை ஓடிப்போனார். 1906-இல் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில், அதாவது பட்டப்படிப்புக்கு முந்தைய அந்தக்காலத் தேர்வில், தேற முடியவில்லை. பிறகு நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ் தன் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை, நோட்டைப் பார்த்தார், போதுமென்று நினைத்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதற்கு அடுத்த வருடம் கேம்பிரிட்ஜ்.

எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ராமானுஜன் என்று சொல்லவரவில்லை. கும்பகோணத்தில் அன்று விதியை யாரும் மீறவில்லை, எல்லாம் சட்டப்படிதான் நடந்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இரவு ஹோட்டலில் சப்ளையராக நின்றுவிட்டுக் காலையில் தேர்வெழுதிய பையனுக்கு ஒரு பாடம் போனால், பணத்தை நிறுத்துவது இன்னொரு இரவு வேலைக்கு அவனை அனுப்புவதுதான். அரியர் விழுந்தால் நாங்கள் செய்வது ஒன்றே ஒன்று: ஏன் என்று நேரில் போய்க் கேட்போம். வகுப்புக்கே போகாமல் சுற்றுகிறவர்களும் உண்டு. பதினான்கு வருடத்தில் நான்கு பேரை நிறுத்தியிருக்கிறோம்.

அம்மா பெயரில் நிரந்தரமாக ஒரு அறக்கட்டளைப் பரிசு வைக்க ஆசை. வைக்கலாமா?

நல்ல ஆசை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதலை வங்கியில் போட்டு வட்டியில் மட்டும் பரிசு கொடுப்பதுதான் இந்த ஏற்பாடு. பல கல்லூரிகளின் விழா மலரைப் புரட்டினால் எழுபதுகளில் ஐந்தாயிரம் ரூபாய் போட்டு வைத்த பரிசுகள் பக்கம் பக்கமாக இருக்கும். அன்றைக்கு அது பெரிய பணம். இன்றைக்கு ஏழு சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 350 ரூபாய். பரிசளிப்பு விழாவில் அந்தப் பெயரை வாசித்து உறையைக் கொடுக்கும்போது, வாங்குகிற பிள்ளை உறைக்குள் எட்டிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வைப்பதென்றால் மூன்று விஷயம் எழுதிவையுங்கள். வட்டியில் ஒரு பகுதி முதலோடு சேர வேண்டும். எந்தத் துறை, எந்தப் பாடம் என்று இறுக்கிக் கட்டாதீர்கள். அந்தத் துறையே ஒருநாள் இல்லாமல் போகலாம், பணம் அப்படியே தூங்கும். நோக்கத்தை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இதற்குப் பழைய உதாரணம் பச்சையப்ப முதலியார். 1794-இல் திருவையாற்றில் காலமானவர். உயிலில் அவர் எழுதியது கோயில் கைங்கரியங்களும் தர்மங்களும். கல்லூரி அவர் மனதில் இருந்ததில்லை. சொத்து பல பத்தாண்டுகள் வழக்கில் கிடந்து, தர்மங்களுக்குப் போக மிஞ்சிய பெரும்பணத்தைப் படிப்புக்குச் செலவிடலாம் என்று அன்றைய சென்னை உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகுதான் 1842-இல் பள்ளி வந்தது, 1889-இல் கல்லூரி. நோக்கத்தை மாற்ற வழி இருந்ததால் அந்தப் பணம் பிழைத்தது. ஆனால் கொடுத்தவர் போய் ஏறக்குறைய ஐம்பது வருடம் அது யாருக்கும் பாடம் சொல்லித்தரவில்லை.

இதற்கு நேர் எதிராகக் காரைக்குடி அழகப்பச் செட்டியார். 1947-இல் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், செல்வர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசினார். அந்த இடத்திலேயே எழுந்து ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தார் செட்டியார். அதே வருடம் கல்லூரி திறந்துவிட்டது. பிறகு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். உயில் எழுதிவைக்காமல் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தால், பணம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

விழா வைத்து மேடையில் கொடுக்கலாமா?

வேண்டாம்.

ஒருமுறை வைத்தோம். கதவு அளவுக்கு ஒரு அட்டைக் காசோலை, அதை ஒரு பக்கம் நன்கொடையாளரும் இன்னொரு பக்கம் ஒரு பெண்ணும் பிடித்துக்கொண்டு போட்டோ. அந்தப் படம் அவள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், “இவ்வளவு கஷ்டமா உங்க வீட்ல” என்று அவள் அம்மாவைக் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வருடம் அவள் விண்ணப்பிக்கவில்லை. பணம் இப்போது நேராக வங்கிக் கணக்குக்கு, இல்லையென்றால் கல்லூரி அலுவலகத்துக்கு. நன்கொடையாளருக்கு ஒரு கடிதம் வரும், மாணவர் பெயர் இல்லாமல்.

வரிவிலக்கு உண்டா?

நன்கொடைக்கான வருமான வரிச் சலுகைச் சான்று (80ஜி) பெற்ற அறக்கட்டளை வழியாகக் கொடுத்தால், பழைய வரி முறையில் இருப்பவருக்குப் பொதுவாகக் கொடுத்த தொகையில் பாதி கழியும், அதற்கும் மேல்வரம்பு உண்டு. புதிய முறைக்கு மாறியவருக்குக் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை. மாணவர் கையில் நேரடியாகக் கொடுப்பதற்கும் இல்லை. மற்றதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அனுப்பலாமா?

உங்கள் பாஸ்போர்ட் எது என்பதைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால், வங்கி வழியாக உங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பலாம், அது வெளிநாட்டு நிதி ஆகாது. குடியுரிமை மாற்றிவிட்டீர்கள் என்றால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) கையில் இருந்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம்தான். எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில்தான் வாங்க முடியும். எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை. “அண்ணன் பேர்ல போட்டு விடுறேன், நீங்க வாங்கிக்குங்க” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

பணம் இல்லை, நேரம் இருக்கிறது. உதவ முடியுமா?

சில சமயம் இதுதான் அதிகம் தேவைப்படுகிறது. நேர்காணலுக்கு முன் அரைமணி நேரம் போனில் ஆங்கிலத்தில் பேசிப் பழக்குகிறவர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் “மை நேட்டிவ் இஸ்” என்று தொடங்குகிற பிள்ளைகளைத் திருத்துவதிலேயே அவருக்குப் பொழுது போகிறது. திட்டவே மாட்டார். பழைய லேப்டாப் தருகிறவர்கள், பேட்டரியை மாற்றிவிட்டுக் கொடுங்கள். அரை மணி நேரம் தாங்காத லேப்டாப், கரண்ட் போய் வரும் வீட்டில் அலமாரி அலங்காரம்தான்.

படித்து வேலைக்குப் போனபின் மாணவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

வேண்டாம். கடன் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. சிலர் தாங்களாகவே அனுப்புகிறார்கள், சிலர் அனுப்புவதில்லை. சிலருக்குத் தம்பி தங்கை இருக்கிறார்கள், அந்தப் பணம் அங்கே போவதுதான் முறை. “நான் படிக்கவைத்த பையன் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை” என்று ஒருவர் வருத்தப்பட்டார். சொல்ல என்னிடம் பதில் இல்லை, காபி வாங்கிக் கொடுத்தேன்.

நான் மாணவர். எப்படி விண்ணப்பிப்பது?

ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் கைப்பட எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும், கஷ்டத்தை விவரிக்க வேண்டாம், எதற்கு எவ்வளவு தேவை என்று மட்டும் எழுதுங்கள். கல்லூரி போனஃபைடு, வருமானச் சான்றிதழ், வங்கி பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் நகல். வருமானச் சான்றிதழ் தாமதமானால் விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டு போதும், காத்திருக்க வேண்டாம். ஜெராக்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள், வாசல் கடையில் எங்கள் கணக்கு இருக்கிறது. அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னாலும் பாஸ்புக்கில் முன்னாலும் இருக்கிறதா? இருந்தால் இந்த வாரமே வங்கிக்குப் போய் மாற்றச் சொல்லுங்கள். போன வருடம் ஆறு பேர் பணம் இந்த ஓர் எழுத்தால் திரும்பிப் போனது.